பனி நனைக்காத சாம்பல்

நாச்சிமுத்துவின் அரிசி ஆலையில் முப்பத்தொரு பேர் வேலை பார்த்தார்கள். கார்த்திகையில் ஆலைக்கு ஐம்பதாம் ஆண்டு விழா நடந்தது. தை பிறந்தபோது ஒன்பது பேர்தான் மிச்சம்.

சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கூலி பத்தவில்லை என்று கேட்கவில்லை. சனிக்கிழமை வந்த ஆள் திங்கட்கிழமை வரவில்லை, அவ்வளவுதான். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் அப்படியே போனார்கள்.

கடைசியில் மாரப்பனும் வந்து, வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்கிறேன் என்றார். நாச்சிமுத்துவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாரப்பன் பாய்லர்காரர். இருபத்தாறு வருஷமாக அந்த ஆலையில் நெல் அவிக்கிறவர். யார் போனாலும் மாரப்பன் இருக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் நாச்சிமுத்து. மாரப்பனும் போனால் ஆலையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்ள வேண்டியதுதான்.

மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்து மடத்துக்குப் போனார்.

மடத்தில் இருப்பவரை எல்லோரும் அம்மா என்பார்கள். வயது நாற்பத்தெட்டுதான், நாச்சிமுத்துவுக்கு அறுபது. பன்னிரண்டு வருஷம் ஒரு நூற்பாலையில் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவர். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவர் பஸ் ஏறாமல் மலையைப் பார்த்து நடந்துவிட்டார். ஏன் என்று அந்த ஆலையிலிருந்து யாரும் வந்து கேட்டதில்லை.

நாச்சிமுத்து எட்டு வருஷமாக அவருடைய சீடர். அமாவாசைக்கு அமாவாசை விடியுமுன் கிளம்பி, இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டிவந்து, இரண்டு மூட்டை அரிசி இறக்கிவிட்டுத் தரையில் உட்காருவார். அம்மா பேசினால் கேட்பார். பேசாவிட்டால் அதையும் கேட்டுவிட்டுப் போவார்.

அன்றைக்கு அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அண்ணா, இன்னைக்கு அமாவாசை இல்லீங்களே."

"ஒரு கேள்வி இருக்குதுங்கம்மா."

"எட்டு வருசத்துல மொதக் கேள்வி. கேளுங்க."

"உங்ககிட்ட பன்னெண்டு பேர் இருக்கறாங்க. சம்பளம்னு நீங்க ஒண்ணும் குடுக்கறதில்லை. ஒருத்தரும் உட்டுட்டுப் போறதில்லை. நான் அக்கம்பக்கத்து ஆலையெல்லாம் விடக் கூடவே குடுக்கறனுங்க. தீபாவளிக்குத் துணி எடுத்துத் தர்றேன். கல்யாணம் காட்சின்னா மொத ஆளா போய் நிக்கறேன். மார்கழியில பூவாத்தான்னு ஒருத்தி, கூடை தூக்கற பொம்பளை, சாம்பல்ல கால உட்டுட்டா. முழங்கால் வரைக்கும் வெந்துபோச்சு. ஆஸ்பத்திரிச் செலவு மொத்தமும் நான்தான் பாத்தேன். எந்த மொதலாளி செய்வான்? அப்பறம் ஏனுங்க எல்லாரும் போறாங்க?"

"பூவாத்தா இப்ப எப்படி இருக்கறா?"

"வீட்டுல இருக்கறாளுங்க."

"போய்ப் பாத்தீங்களா?"

"டிரைவர் போய்ப் பாத்துட்டு வந்தானுங்க."

அம்மா ஒரு கொத்துக் கீரையை உருவி முறத்தில் போட்டார். பிறகு சமையற்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"கிட்டான், சித்த வா. நீ ஏன் இந்த மடத்துல இருக்கறே?"

கரண்டியும் கையுமாக வந்த கிட்டான் தலையைச் சொறிந்தார். "வெளிய போனாப் புடிச்சுக்குவாங்கம்மா. அந்தக் கேசு இன்னும் முடியலீங்களே."

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த கிழவியிடம் அதே கேள்வி.

"மருமவ சேத்துக்க மாட்டேங்கறா. இல்லீன்னா நான் எதுக்கு இங்க வந்து சாணி அள்ளறேன்?"

வாசல் கூட்டிக்கொண்டிருந்த மனிதர் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "நாளைக்குப் போயிரலாம்னுதான் இருக்கறனுங்கம்மா. ஏழு வருசமா."

மூன்று பேரும் வேலையைப் பார்க்கப் போனார்கள். நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"பாத்தீங்களா அண்ணா," என்றார் அம்மா. "என்ற ஞானத்துக்காக இங்க ஒருத்தரும் இல்லை."

"என்ற ஆலையில மாரப்பன் அப்படி இல்லீங்கம்மா. இருபத்தாறு வருசம் எனக்காக இருந்தான்."

"எதனால?"

"நன்றிங்கம்மா. அவன் தம்பி செல்லப்பன் எங்க ஆலையிலதான் செத்தான். இருவத்திரண்டு வருசமாச்சு. அவனும் சாம்பல்லதான் கால வெச்சான். நெல் அவிக்க உமியத்தானுங்களே எரிக்கறோம். அந்தச் சாம்பலை ஆலைக்குப் பின்னால கொட்டி வெப்போம். மேல பாத்தா ஆறிக் கெடக்கும். உள்ளுக்குள்ள நாள்கணக்கா தணல் இருக்கும். இடுப்பு வரைக்கும் எறங்கிட்டான். நாலு நாள் கெடந்தான். காரியமெல்லாம் நான்தான் பண்ணினேன். மாரப்பனுக்கு ஆலையிலயே வீடு குடுத்தேன். அந்த நன்றி."

"நன்றின்னு அவரு சொன்னாரா?"

"அதெல்லாம் சொல்லித்தான் தெரியோணுங்களா?"

அம்மா முறத்தைத் தட்டிப் பழுப்பு இலைகளைப் பொறுக்கி எறிந்தார்.

"ஏன் போறேன்னு அவருகிட்டக் கேக்காதீங்க. இத்தனை வருசம் ஏன் இருந்தேன்னு கேளுங்க. அவரு சொல்லி முடிக்கற வரைக்கும் நீங்க பேசக்கூடாது."

வியாழக்கிழமை மதியம் நாச்சிமுத்து பாய்லர் அறைக்குள் போனார். அவர் அங்கே போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. உட்கார இடம் தேடி, ஒரு காலி சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மாரப்பன் எழுந்து நின்றார்.

"உக்காரு மாரப்பா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இத்தனை வருசம் ஏன் இருந்தே?"

மாரப்பன் அடுப்புப் பக்கம் திரும்பினார். உமியை இரண்டு தட்டு அள்ளி அடுப்பில் விட்டார். நாச்சிமுத்துவுக்கு நாக்கு துடித்தது. வீட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார், அடக்கிக்கொண்டார். தம்பியின் காரியத்தைப் பற்றிச் சொல்ல வந்தது, அதையும் விழுங்கினார்.

"கழி ஊனத்தானுங்க இருந்தேன்," என்றார் மாரப்பன்.

"என்ன கழி?"

"சாம்பல்ல ஊனுவனே. செவப்புத் துணி கட்டி."

அந்தக் கழிகளை நாச்சிமுத்துவுக்குத் தெரியும். சாம்பல் மேட்டில் தினம் காலையில் பத்துப் பதினைந்து ஆமணக்குக் கழி நிற்கும், முனையில் சிவப்புத் துணி ஆடும். தம்பி செத்த இடம், கருப்பண சாமிக்கு ஏதோ வேண்டுதல் என்று வந்துபோகிறவர்களுக்கெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார். வேலையாளின் வேண்டுதலில் தலையிடாத முதலாளி என்று தன்னைப் பற்றி அவருக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு. விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று டிராக்டர் விட்டு மேட்டை மட்டப்படுத்தியபோதுதான் கழிகளைப் பிடுங்கச் சொன்னார். வேண்டுதலைக் கோயிலில் வைத்துக்கொள் மாரப்பா என்று தன்மையாகத்தான் சொன்னார்.

"அது வேண்டுதல் இல்லியா?"

மாரப்பன் அவரை நிமிர்ந்து பார்த்தார். "வேண்டுதலா? அது தணல் இருக்கற எடமுங்க."

அம்மா பேசக் கூடாது என்று சொன்னது நல்லதாகப் போயிற்று.

"தம்பிய அடக்கம் பண்ணுன அடுத்த நாள் வெடியால, அந்த மேட்டுல போய் உக்காந்துட்டிருந்தேன். அப்பத்தான் பாத்தேன். பனி எறங்குனதுல சாம்பலெல்லாம் நனஞ்சு கறுத்துக் கெடந்துச்சு. நாலஞ்சு எடம் மட்டும் வெள்ளையா, அப்படியே பொடிப்பொடியா. கைய வெச்சாச் சுட்டுச்சு. கீழ தணல் இருந்தா மேல பனி நிக்கறதில்லீங்க. பொழுது ஏறிட்டா எல்லாம் காஞ்சு ஒரே நெறமாயிரும். அதுக்குள்ள கழிய ஊனிடோணும். பனி இல்லாத மாசத்துல தண்ணி தெளிச்சுப் பாப்பேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"எல்லாருக்கும் தெரியுமுங்களே. சாம்பலைத் தாண்டித்தானுங்களே நெல்லு காயற களத்துக்குப் போகோணும். புது ஆளு வந்தா மொத நாள் சொல்றதே அதுதான். துணியப் பாத்து நடன்னு."

"எனக்குத் தெரியலையே, மாரப்பா."

"நீங்க ஆபீஸ் பக்கமா வருவீங்க. அங்க சிமிட்டித் தரைங்க."

அதை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. வழி சொல்வதுபோலச் சொன்னார். அதனால்தான் நாச்சிமுத்துவுக்குப் பொறுக்க முடியாமல் போயிற்று.

"விழா முடிஞ்சதும் மறுபடியும் ஊனியிருக்கலாமே."

"ஊனினனுங்க. மேனேஜர் புடுங்கிப் போட்டாரு. மொதலாளி வேண்டாம்னுட்டாருன்னாரு. விழாவுக்கு அப்பறம் ஒரு வாரம் போட்டோப் புடிக்க ஆளு வந்துட்டே இருந்தாங்க. அது முடிஞ்சும் உடலை. தெனம் நான் ஊனறதும் அவரு புடுங்கறதுமாவே போச்சு. அவரு ஒம்பது மணிக்குத்தான் வருவாரு. அதுக்குள்ள ஆளுங்க ஒருக்கா களத்துக்குப் போய் வந்துருவாங்க, எடம் மனசுல நின்னுக்கும். அப்படியே ஓட்டிட்டு இருந்தேன். ஒரு நாளு..."

மாரப்பன் நிறுத்தினார். அடுப்பின் வாயை மூடினார். திறந்தார்.

"ஒரு நாளு எனக்குக் கோவம் வந்துருச்சுங்க. இவங்களுக்கே அக்கறை இல்லாதப்ப எனக்கென்னன்னு நெனச்சேன். ஊனலை. இருவத்திரண்டு வருசத்துல அந்த ஒரு நாள்தான். அன்னைக்கு மேனேஜர் வர்றதுக்கு முன்னாலதான் பூவாத்தா கூடையத் தூக்கிட்டுப் போனா. துணி இல்லை, அதனால தணல் இல்லைன்னு நெனச்சுட்டேன்னு சொன்னாளுங்க."

மாரப்பனின் கண்கள் நிறைந்திருந்தன. துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"ஆளுங்க பேசாம வேலைய உட்டு நின்னுட்டாங்க. அவங்க மேல தப்பில்லை. நான் எதுக்காக இருந்தனோ அது போயிருச்சுங்க. இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டு இங்க இருக்கறது?"

"நாளைல இருந்து ஊனு. எவனும் தொட மாட்டான். நான் நிக்கறேன்."

"வேண்டாமுங்க."

"மாரப்பா, உன்னைக் கையெடுத்துக் கேக்கறேன்."

"வேண்டாமுங்க மொதலாளி. என்ற கை ஆடுது."

நாச்சிமுத்து சாக்கை மடித்து ஓரமாக வைத்தார். எழுந்தபோது ஒன்றுதான் கேட்டார். "அப்ப எனக்காச்சும் காட்டிக் குடுத்துட்டுப் போ."

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் இரண்டு பேரும் சாம்பல் மேட்டின் ஓரத்தில் நின்றார்கள். கிழக்கு வெளுக்க வெளுக்கச் சாம்பல் ஈரத்தில் கறுத்துத் தெரிந்தது. அங்கங்கே வெள்ளைத் திட்டு. அவ்வளவு சாதுவான வெள்ளை. ஐம்பது வருஷத்து ஆலையில் நாச்சிமுத்து அதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

"ஓரத்துலயே நின்னு பாருங்க. கறுப்புல மட்டும் கால வைங்க. வெள்ளைக்கு ஒரு முழம் இப்பால ஊனுங்க," என்றார் மாரப்பன். "சாயங்காலம் எல்லாத்தையும் புடுங்கிடோணும். புதுச் சாம்பல் கொட்டக் கொட்ட தணல் எடம் மாறிப் போகும். நேத்துக் கழிய நம்பி நடந்தா அதுவே ஆளைக் கொன்னுபோடும். கழியே இல்லாம இருந்தாக்கூடத் தேவலைங்க."

கழிக் கட்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவர் போய் வீட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றினார். கைகுலுக்கவோ மாலை போடவோ நாச்சிமுத்துவுக்கு மனசு வரவில்லை. வண்டி கேட்டைத் தாண்டும் வரை நின்றார்.

அன்றிலிருந்து நாச்சிமுத்துவே ஊன்றினார். ஐந்து மணிக்கெல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பல் ஓரத்தில் நிற்பார். மேனேஜரைக் கிட்டே விடவில்லை. மிச்சமிருந்த எட்டுப் பேரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் துணியைப் பார்த்து நடந்தார்கள். நாலாம் நாள் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து, "எனக்கும் காட்டிக் குடுங்க மொதலாளி, நீங்க வராத அன்னைக்கு நான் ஊனறேன்," என்றாள்.

"நான் வராம இருந்தாத்தானே? இது நான் செய்ய வேண்டியதும்மா," என்றார் நாச்சிமுத்து.

ஒன்பதாம் நாள், நின்றுபோனவர்களில் இரண்டு பேர் கேட்டுக்கு வெளியே வந்து நின்று சாம்பல் மேட்டை எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் மதியச் சோற்றுத் தூக்குப்போசியோடு உள்ளே வந்தார்கள். ஏன் வந்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நாச்சிமுத்துவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது.

பதினோராம் நாள் காலையிலும் ஊன்றினார். மறுநாள் தை அமாவாசை. விடியுமுன் கிளம்பியாக வேண்டும் என்று அன்றைக்குப் பொழுதோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். படுத்தவருக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் என்னென்ன சொல்வது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மடத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. அமாவாசைக் கூட்டம் இன்னும் வரவில்லை. கிட்டான் வண்டியின் பின்கதவைத் திறந்து மூட்டையில் கை வைத்தார். நாச்சிமுத்து நேரே அம்மாவிடம் போய் உட்கார்ந்தார். எட்டு வருஷத்தில் அவர் இவ்வளவு பேசியதில்லை.

மாரப்பன் சொன்னது, மேனேஜர் பிடுங்கியது, பூவாத்தா கால் வைத்தது, எல்லாம் சொன்னார். தன் தப்பை மறைக்கவில்லை. பூவாத்தாளைப் போய்ப் பார்த்ததையும் சொன்னார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள் என்றார்.

அம்மா விளக்குத் திரி திரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்காக இருந்தாங்கன்னு நெனச்சுட்டு இருந்தனுங்கம்மா. எல்லாரும் அந்தத் துணிய நம்பி இருந்திருக்கறாங்க. இப்ப நானே ஊனறேன். பதினொரு நாளாச்சு, என்ற கையால. ரண்டு பேர் திரும்பி வந்துட்டாங்க. இன்னும் வருவாங்க."

"எப்ப ஊனோணுமுங்க அண்ணா?"

"வெடியாலதானுங்கம்மா. பனி காயறதுக்குள்ள. பொழுது ஏறிட்டாக் கண்டுபுடிக்க முடியாது. ஏழு மணிக்குக் களத்துல ஆள் எறங்கிருவாங்க. ஒரு நா கூடத் தப்பக்கூடாதுங்க. மாரப்பன் தப்புனது ஒரே ஒரு நாள்தான்."

அம்மா வாசலைப் பார்த்தார். வெயில் படியேறி உள்ளே வந்திருந்தது.

"அப்ப இன்னைக்கு யாருங்க ஊனினாங்க?"

"நேத்து நான் ஊனினது அப்படியேதான் நிக்குது..." என்று தொடங்கினார் நாச்சிமுத்து.

நேத்துக் கழிய நம்பி நடந்தா என்று மாரப்பன் சொன்னது காதில் கேட்க, வண்டிச் சாவியைத் தேடினார்.

"கிட்டான்," என்றார் அம்மா, "மூட்டைய எறக்காதே. அவரு வண்டிக்கு வழி உடு."